குழி விழுந்த அரிசிப் பலகாரம்: ஹக்கா மக்களின் மீ ஜியாவ் பான்

சீனாவின் குவாங்டொங் மாகாணத்து மெய்ஜோ பகுதியில் ஹக்கா மக்கள் தெருக்கடைகளில் விற்கும் இப்பலகாரத்திற்கு, பசை குறைந்த பழைய பச்சரிசியே மிகவும் ஏற்றது.

200 கிராம் அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, 200 மில்லி நீர்விட்டு நைசாக அரைத்து, சில துளிகள் காரநீர் (சமையலுக்கான அல்கலி நீர்) சேருங்கள். பின்னர் 300 மில்லி கொதிநீரைக் கிளறியபடியே ஊற்றினால், மாவு அரைவேக்காடாகி அடியில் படியாமல் நிற்கும்.

சிறு பீங்கான் கிண்ணங்களை முதலில் ஆவியில் நன்கு சூடாக்குவதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சூடான விளிம்பு முந்தி வெந்து இறுகுவதால்தான், இப்பலகாரத்தின் அழகான நடுக்குழி விழுகிறது. மாவை ஊற்றி, பெருந்தீயில் இருபது நிமிடம் அவியுங்கள்.

முழுதும் ஆறியபின் மூங்கில் சீவலால் கீறி, சோயா சாற்றுடன் (சோயா சாஸ்) காய்ச்சிய கெட்டியான நாட்டுச்சர்க்கரைப் பாகைக் குழியில் ஊற்றுங்கள். உப்புச்சுவை விரும்புவோருக்குப் பொரித்த பூண்டும் சோயா சாறும் போதும்.