முதல் மாடல் கார்: பாடியிலிருந்து தொடங்குங்கள்

மாடல் கார் கிட் என்றால், நாமே ஒட்டி, பெயின்ட் அடித்துச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள பெட்டி. புது கிட் பெட்டியைத் திறந்தவுடன் கை பரபரக்கும். விளக்கத் தாளில் முதல் படி பெரும்பாலும் இன்ஜினாகவோ சஸ்பென்ஷனாகவோ இருக்கும். அதைப் பார்த்து உடனே வெட்டி ஒட்ட ஆரம்பித்துவிடுவோம். நான் சொல்வது வேறு. முதல் நாள் பாடியை மட்டும் கையில் எடுங்கள்.

பீரங்கி வண்டி, போர் விமானம் கட்டுகிறவர்களுக்கு அழுக்கும் துருவும் துணைக்கு வரும். சின்னக் குறை அதில் மறைந்துவிடும். ஷோரூமில் நிற்கும் கார் எப்படிப் பளபளக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பெயின்டில் ஒரு தூசி நின்றாலும் கண் அங்கேதான் போகும். அந்தப் பளபளப்புக்குக் கைத்திறனைவிட, காய்வதற்கு நாம் கொடுக்கும் நாட்கள்தான் முக்கியம். பாடிக்கு முதலில் பெயின்ட் அடித்து வைத்துவிட்டால், அது காய்கிற நாட்களில் மற்ற வேலையெல்லாம் முடிந்துவிடும்.

எந்தக் கிட்?

கார் கிட்டுகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு அளவுகள். டமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலும் 1/24 அளவில் செய்கின்றன. நான்குமே ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்தவை. ஏஎம்டி போன்ற அமெரிக்கப் பெயர்கள் 1/25 அளவு. 1/24 என்றால் நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். 3.9 மீட்டர் நீளமுள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5 உங்கள் மேஜையில் 16 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும்.

முதல் கிட்டுக்கு டமியாவின் 1/24 வரிசையில், இன்ஜின் இல்லாத ஒரு சாதாரண ரோட்டுக் காரை எடுங்கள். பாகங்கள் சரியாகப் பொருந்தும், எதை எங்கே ஒட்டுவது என்ற குழப்பம் வராது. நூற்றுக்கணக்கான ஸ்டிக்கர்கள் ஒட்ட வேண்டிய ரேஸ் கார் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். பசையும் பெயின்டும் இல்லாமல் பழக வேண்டுமானால், அவோஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் வண்ணப் பிளாஸ்டிக் பாகங்களை அழுத்திப் பொருத்தினால் போதும். சுசுகி ஜிம்னிகூட அந்த வரிசையில் உண்டு.

கருவிகள் அதிகம் வேண்டாம். பிளாஸ்டிக்குக்கான கூர்மையான சின்ன கட்டர், கிராஃப்ட் கத்தி, இடுக்கி, மாஸ்கிங் டேப், 600 முதல் 2000 எண் வரை வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), பிளாஸ்டிக் பாகங்களை இணைக்க, தண்ணீர் போல ஓடும் மாடல் சிமெண்ட் ஒரு பாட்டில்.

பாடி வேலை

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் பாடியை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை மேலே இருக்கலாம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில், ஃபெண்டர் ஓரத்திலும் கூரை ஓரத்திலும், முடி போல ஒரு கோடு ஓடும். நிஜக் காரில் அந்தக் கோடு கிடையாது. 600 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, 1000-இல் முடியுங்கள். கதவு இடைவெளிகளைக் கத்தியின் முதுகால் ஓரிரு முறை லேசாக இழுத்து ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். பெயின்ட் நிரம்பினால் அந்தக் கோடுகள் காணாமல் போகும்.

அடுத்து பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. இதைத் தவிர்க்காதீர்கள். தேய்க்க விட்டுப்போன கீறல் எல்லாம் பிரைமர் அடித்த பிறகுதான் தெரியும். தெரிந்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். டிங்கரிங் கடையில் நிஜக் காருக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை நேராகப் பிளாஸ்டிக்கில் அடிக்க வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைச் சுருக்கி விரிசல் விடவைக்கும். டமியாவின் டிஎஸ் வரிசை இதற்கென்றே செய்த 100 மில்லி ஸ்ப்ரே. கிட்டின் விளக்கத் தாளிலேயே எந்த எண் என்று போட்டிருப்பார்கள். ஸ்ப்ரே டப்பாக்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால், உள்ளூர்க் கடையில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு கிட்டை வாங்குவது நல்லது.

நிறம் அடிக்கும்போது டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் குலுக்குங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். ஒரு பாட்டிலின் தலையில் டேப்பைச் சுருட்டி ஒட்டி, அதில் பாடியை நிறுத்துங்கள். 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கைக்கு எட்டாத மூலைகளையும் கதவின் அடிப்பகுதியையும் முதலில் அடியுங்கள், கூரை கடைசி. ஸ்ப்ரேயைப் பாடிக்கு வெளியே தொடங்கி, வெளியே முடிக்க வேண்டும். முதல் பூச்சில் நிறம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அப்படியே விடுங்கள். 15 நிமிடம் கழித்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. முழு நிறமும் மூன்றில் வந்தால் போதும். ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழியும்.

நம் ஊரில் மழைக்காலம் பெரிய எதிரி. ஒரு நவம்பரில், மழை விட்ட அரைமணி நேரத்தில் நீல நிறம் அடித்தேன். கண் முன்னாலேயே கூரை முழுக்க வெள்ளைப் புகை படிந்தது போல மங்கியது. காற்றின் ஈரம் பெயின்டுக்குள் மாட்டிக்கொண்டால் இப்படி ஆகும். வெயில் வந்த நாளில் மெல்லிய பூச்சு ஒன்று அடித்த பிறகு பெரும்பாலும் சரியானது. அதிலிருந்து வெயில் நாளின் முற்பகலில் மட்டும்தான் பாடியைத் தொடுகிறேன். பால்கனியிலேயே அடியுங்கள், கரிம ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் உள்ள மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

ஒரு நாள் கழித்து டிஎஸ்-13 கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு, அதுவும் மெல்லிய பூச்சுகளாக. கார் பளபளப்பாகத் தெரிவது இந்தக் கிளியரால்தான். பிறகு ஒரு டப்பாவால் மூடி, குறைந்தது ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று விரலால் பார்க்காதீர்கள், மூக்கருகே வைத்துப் பாருங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

காத்திருக்கும் வாரத்தில்

இப்போது சேசிஸ் என்ற அடிப்பாகம், உள் இருக்கைகள், சக்கரங்கள். பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டும்போது ஒட்டி வெட்டாமல், கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு பாகத்தின் ஓரத்தில் ஒரு வெட்டு. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். சிமெண்ட் என்பது பசை இல்லை, பிளாஸ்டிக்கையே கரைத்துச் சேர்ப்பது. இரண்டு பாகங்களையும் பிடித்துக்கொண்டு இணைப்பில் பிரஷ்ஷால் தொட்டால் தானே உள்ளே ஓடும். விரல் அந்த இணைப்பின் மேல் இருந்தால் ரேகை பதிந்துவிடும்.

குரோம் பாகங்களில் ஒட்டும் இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டுங்கள், முலாம் மேல் சிமெண்ட் பிடிக்காது.

சேர்ப்பு

காய்ந்த பாடியை 2000 வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு மென்மையாகத் தேய்த்து, மாடலுக்கான பாலிஷ் கிரீம் போட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். முனைகளில் கை வைக்காதீர்கள், பெயின்ட் அங்கேதான் முதலில் தேய்ந்து போகும். பிறகு ஜன்னலைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையை டேப் ஒட்டி அடியுங்கள். கண்ணாடி பாகங்களுக்குச் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை ஒரு பல்குத்தி நுனியளவு போதும், காய்ந்தால் தெரியாது.

சேர்த்து வைக்கிறவர்களுக்கு

இரண்டு மூன்று கார் கட்டியதும், கட்டாத பெட்டிகள் அலமாரியில் சேர ஆரம்பிக்கும். வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்து இரண்டு வேலை செய்யுங்கள். ஸ்டிக்கர் தாளை ஜிப் பையில் போட்டுத் தட்டையாக வையுங்கள். ஈரமும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகும். டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். வினைல் டயரிலிருந்து கசியும் ரசாயனம், வருடக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பழைய கிட்டைத் திறந்து, விண்ட்ஷீல்டில் டயரின் தடம் வட்டமாகப் பதிந்திருப்பதைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு. வேறு கண்ணாடி தேடிப் பிடிப்பது கஷ்டம்.