பில் மங்கினாலும் பார்சலைக் கண்டுபிடிக்கலாம்

கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன பிறகு, ஹாம்பர்க்கில் இருக்கும் மகளுக்குப் பார்சல் கட்டுவதே என் முக்கிய உத்தியோகம். கும்பகோணத்திலிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவை தபாலில் அனுப்புகிறேன். ஒரு தீபாவளிக்கு அனுப்பியது மூன்று வாரமாகியும் போய்ச் சேரவில்லை. பில்லைத் தேடி எடுத்தால், ஜன்னலோரம் வைத்திருந்த அந்தத் தெர்மல் காகிதம் பாதி வெளுத்துக் கிடக்கிறது. டிராக்கிங் நம்பரில் ஒரு இலக்கம் 6-ஆ 8-ஆ என்று கண்ணாடி போட்டுப் பார்த்தும் புரியவில்லை.

பதறாதீர்கள். வெளிநாட்டுத் தபால் நம்பரில் எப்போதும் 13 இடம்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து. முதல் எழுத்து 'இ' என்றால் இ.எம்.எஸ். என்கிற விரைவுத் தபால், 'சி' பார்சல், 'ஆர்' ரிஜிஸ்டர்டு. 'யு' என்றால் அது கஸ்டம்ஸுக்காக ஒட்டிய பார்கோடு. வழியெல்லாம் டிராக் ஆகும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. 'ஐஎன்' நாம், 'டிஇ' ஜெர்மனி, 'எல்கே' இலங்கை.

எனக்குப் பிடித்த இடம் ஒன்பதாவது இலக்கம். அது வரிசை எண் இல்லை, முந்தைய எட்டையும் சரிபார்க்க வைத்த காவல்காரன். என் பில்லில் இருந்தது இஎம் 20741?391 ஐஎன். ஒரு நோட்டில் முதல் எட்டு இலக்கத்தையும் எழுதி, கீழே வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்று எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் பெருக்கிக் கூட்டுங்கள். தெரியாத இடத்தில் 6 போட்டால் 16 + 0 + 28 + 8 + 3 + 30 + 27 + 63 = 175. பதினொன்றால் வகுத்தால் மீதி 10. பதினொன்றில் பத்து போக 1. பில்லின் கடைசி இலக்கமும் 1! எட்டு போட்டால் கூட்டல் 185, மீதி 9, விடை 2, பொருந்தாது. ஆக, 6. (கழித்து 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும்.) எத்தனையோ பிள்ளைகள் "மீதி கண்டுபிடித்து என்ன டீச்சர் பண்ணப் போறோம்" என்று கேட்டிருக்கிறார்கள். இதோ.

இந்த நம்பர் முறையை ஒரு நாடு தன் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்தது. இந்தியா 1876-லேயே சேர்ந்துவிட்டது, இன்று 192 நாடுகள். அதனால்தான் இங்கே ஒட்டிய ஸ்டிக்கரை அங்கே உள்ள மெஷின் முணுமுணுக்காமல் படிக்கிறது. இங்கே விவரம் நின்றுபோனால், அதே நம்பரைப் போய்ச் சேரும் நாட்டின் தபால் தளத்திலும் போட்டுப் பாருங்கள்.

டிராக்கிங்கில் வரும் படிகளும் எங்கும் ஒன்றுதான்: பதிவு, நம் நாட்டை விட்டுக் கிளம்பியது, அந்த நாட்டை அடைந்தது, கஸ்டம்ஸ், டெலிவரி ஆபீஸ், கைக்குச் சேர்ந்தது. கிளம்பியதற்கும் அடைந்ததற்கும் நடுவில் பல நாள் ஒன்றும் நகராது. ஸ்கேன் செய்ய ஆள் இல்லாத நேரம் அது, தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தொலைந்ததாகவே தோன்றினால் புகார் கொடுக்க வேண்டியது அனுப்பியவர். இதில்தான் நாங்கள் ஒரு வாரம் வீணடித்தோம். மகள் அங்கே கவுன்டருக்கு அலைந்தாள், "அனுப்பியவரைக் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்களாம். கோபம் வந்தது, ஆனால் விதி அதுதான்: உரியவர் கையில் சேரும்வரை தபால் அனுப்பியவருடைய சொத்து. இங்கே போஸ்ட் ஆபீஸில் விசாரணை மனு கொடுத்தால், இந்தியத் தபால்துறை அந்த நாட்டுத் தபால்துறையைக் கேட்கும். தாமதிக்காமல் கொடுங்கள், பார்சலுக்கும் ரிஜிஸ்டருக்கும் அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

என் பார்சல் தொலையவில்லை, அங்கே கஸ்டம்ஸில் உட்கார்ந்திருந்தது. தப்பு என்னுடையது. சி.என்.23 என்கிற கஸ்டம்ஸ் படிவத்தில் 'ஸ்வீட்ஸ், பவுடர்' என்று எழுதியிருந்தேன். பவுடர் என்றால் எந்த ஊர் அதிகாரிதான் சும்மா விடுவார்? இப்போது 'வறுத்த துவரம்பருப்புப் பொடி, வீட்டில் அரைத்தது, 500 கிராம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி, எடை, விலை. விலை பூஜ்யம் என்று போடவே போடாதீர்கள். பொருள் என்ன வகை என்று சொல்லும் ஹெச்.எஸ். கோடு கேட்பார்கள், அதில் முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் பொதுவாக வரியில்லை. விவரமெல்லாம் பார்சலுக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் வழியாக அங்கே போய்விடுகிறது, அதனால் கவுன்டரில் டைப் செய்யும்போது திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள்.

படிவத்தை ஒழுங்காக எழுதியிருந்தாலும் என் ஸ்வீட் தப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் தனிப் பார்சலில் போகக் கூடாது. நான் வைத்தது நெய் வழியும் மைசூர்பாகு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறவர்கள் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அது போதைப்பொருள் விவகாரமாகிவிடும். பெர்ஃப்யூம், நெயில் பாலிஷ், பவர் பேங்க் எதுவும் வேண்டாம்.

மைசூர்பாகு போனது போனதுதான். இப்போதெல்லாம் பொரிவிளங்காய் உருண்டை அனுப்புகிறேன், வெல்லப் பாகில் பிடித்தது, நெய் கிடையாது. பல் உடைகிறது என்கிறாள் மகள்.