சேதமான எல்டிஓ பேக்அப் டேப்பிலிருந்து தரவை மீட்பது எப்படி?

அலமாரியிலிருந்து எடுத்த பழைய எல்டிஓ டேப்பை (நிறுவனங்கள் பேக்அப்புக்குப் பயன்படுத்தும் காந்த நாடா கேட்ரிட்ஜ்) ட்ரைவில் போட்டு, பேக்அப் மென்பொருளைத் திறந்து 'ரீஸ்டோர்' அழுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நல்ல டேப் என்றால் சரி. சேதமான டேப்புக்கு தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மென்பொருள் ஒரு பிழையில் முட்டிப் பாதியில் நின்றுவிடும், நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள், டேப் முன்னும் பின்னும் ஓடும், ஒவ்வொரு ஓட்டத்திலும் நைந்த இடம் இன்னும் கொஞ்சம் நையும். டேப்பை முடிந்தவரை ஒரே முறை ஓட்டி, அதில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொண்டு, மற்ற எல்லா வேலையையும் அந்த நகலில் செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு 800 ஜிபி கொள்ளும் எல்டிஓ-4 டேப், லினக்ஸ் கணினி, டார் வடிவத்தில் (பல கோப்புகளை ஒன்றாக அடுக்கும் முறை) எடுத்த பேக்அப் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கையில் எடுத்துப் பாருங்கள்

கேட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழை பூட்டு நிலைக்குத் தள்ளிவிடுங்கள், இனி யாரும் தவறுதலாக அதில் எழுத முடியாது. அப்புறம் லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் வந்தால் ட்ரைவில் போடக் கூடாது. பக்கவாட்டுக் கதவை நகர்த்தினால் டேப்பின் நுனியில் ஒரு சிறு உலோகப் பின் தெரியும். ட்ரைவ் அதைப் பிடித்துத்தான் டேப்பை வெளியே இழுக்கிறது. கீழே விழுந்த கேட்ரிட்ஜ்களில் அது இடம் மாறியிருக்கும். பூஞ்சை பிடித்ததும் வெள்ளத்தில் நனைந்ததும் நேராக மீட்பு நிபுணரிடம் போக வேண்டியவை. வெயிலில் வைப்பது, ஹேர் ட்ரையர் பிடிப்பது எதுவும் வேண்டாம். குளிர்ந்த இடத்திலிருந்து வந்த டேப் என்றால் ஒரு நாள் உங்கள் அறையிலேயே இருக்கட்டும்.

படி 2: ட்ரைவைச் சந்தேகப்படுங்கள்

எல்டிஓ-4 டேப்பை 4, 5, 6 தலைமுறை ட்ரைவ்கள் படிக்கும், 7 படிக்காது. ட்ரைவில் முதலில் துப்புரவு கேட்ரிட்ஜைப் போட்டு எடுங்கள், பிறகு முக்கியமில்லாத ஒரு நல்ல டேப்பைப் படித்துப் பாருங்கள். டேப் கெட்டுவிட்டது என்று நினைப்பதில் கணிசமானவை ட்ரைவில் டேப்பைப் படிக்கும் தலையின் அழுக்குதான். இயந்திரம் இல்லாமல் டேப் மட்டும் இருந்து பயனில்லை என்பதற்கு நாசாவே சாட்சி: 1966-67இல் நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்களின் படங்கள் டேப்பில் பத்திரமாக இருந்தன, ஆனால் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற பழைய இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட வைத்த பிறகே, 2008இல், முதல் படத்தை மீட்க முடிந்தது.

படி 3: பிளாக் அளவைக் கண்டுபிடியுங்கள்

டேப்பில் தரவு பிளாக் எனப்படும் துண்டுகளாக எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் ஒரே ட்ரைவ் எஸ்டி0, என்எஸ்டி0 என்று இரண்டு பெயரில் தெரியும். எப்போதும் 'என்' உள்ளதையே பயன்படுத்துங்கள். மற்றது ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும், சேதமான டேப்புக்கு அது வீண் ஓட்டம்.

ட்ரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையில் செட்பிளாக் (setblk) 0 என்று கொடுத்தால் ட்ரைவ் எந்த அளவு பிளாக்கையும் ஏற்கும். பிறகு தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் பிஎஸ் (ஒரு முறை படிக்கும்) அளவை 1 எம்பி என்றும் கவுன்ட்டை 1 என்றும் வைத்து ஒரே ஒரு பிளாக்கைப் படியுங்கள். கிடைத்த கோப்பின் அளவுதான் டேப்பின் பிளாக் அளவு. 10,240 பைட் என்றால் அது டாரின் வழக்கமான அளவு. 65,536, 2,62,144 பைட்களும் அடிக்கடி வரும். நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வந்தால் பயப்படாதீர்கள், நீங்கள் கொடுத்த அளவு பிளாக்கைவிடச் சிறியது, அவ்வளவுதான்.

படி 4: இறக்குங்கள்

டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, பிஎஸ்ஸில் அந்த பிளாக் அளவைக் கொடுத்து, கவுன்ட் இல்லாமல் டிடியை ஓட்டுங்கள். ஃபைல்மார்க் (டேப்பில் ஒரு கோப்பு முடிந்ததைக் காட்டும் குறி) வந்ததும் அது தானாக நிற்கும். அடுத்த முறை ஓட்டும்போது அடுத்த கோப்பு வரும். 001, 002 என்று பெயர் வைத்துக்கொண்டே போங்கள். தொடர்ந்து இரண்டு வெற்றுக் கோப்பு வந்தால் எழுதிய பகுதி முடிந்தது.

படிப்புப் பிழை வந்தால் நிறுத்துங்கள். அந்த இடத்தை ட்ரைவ் ஏற்கெனவே தானாகப் பல முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பிழை சொல்கிறது. எம்டி டெல் (tell) கொடுத்தால் எந்த பிளாக்கில் நிற்கிறீர்கள் என்று தெரியும், அதைத் தாளில் குறித்துக்கொண்டு எம்டி சீக் (seek) மூலம் ஆயிரம் பிளாக் தள்ளிப் போய் அங்கிருந்து புதிய கோப்பாகத் தொடருங்கள். விட்ட இடைவெளியை எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். நல்ல பகுதி முதலில் கைக்கு வந்துவிட வேண்டும்.

பிழை வந்த இடங்களைக் குறித்துவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 820 மீட்டர் நீளமுள்ள எல்டிஓ-4 டேப்பில் ட்ரைவ் போக்கும் வரவுமாக 56 ஓட்டங்களில் எழுதுகிறது, ஓட்டத்துக்குச் சுமார் 14 ஜிபி. எனவே டேப்பின் நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் அது சுமார் 14 ஜிபிக்கு ஒரு முறை பிழையாகத் தலைகாட்டலாம், தொடக்கத்தில் விழுந்திருந்தால், ட்ரைவ் போய்த் திரும்பிய பிறகே அந்த இடம் மறுபடி வரும் என்பதால், 28 ஜிபிக்கு ஒரு முறை. சுருக்கி எழுதிய டேப்பில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். பிழைகள் இப்படிச் சீராக வந்தால் அடுத்தது எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும், அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

படி 5: நகலில் தேடுங்கள்

இறக்கிய கோப்புகளை இன்னொரு டிஸ்கிலும் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நடுவில் ஓட்டை இருந்தால் டார் பெரும்பாலும் தானே அடுத்த தலைப்பை (ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் பெயர், அளவு எழுதிய பகுதி) தேடிப் போய்விடும். தொடக்கமே போயிருந்தால் நகலுக்குள் 'யுஸ்டார்' (ustar) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள், அது கிடைத்த இடத்துக்கு 257 பைட் முன்னால்தான் ஒரு கோப்பின் தலைப்பு தொடங்குகிறது. அங்கிருந்து வெட்டி எடுத்து டாரிடம் கொடுங்கள்.

மொத்தத்தையும் ஜிஜிப்பில் சுருக்கியிருந்தால் சேதத்துக்குப் பிறகு வருவதை எடுப்பது கடினம். பிஜிப்2 என்றால் தனித்தனித் துண்டுகளாக இருப்பதால் பிஜிப்2ரெகவர் நிறையக் காப்பாற்றும். எல்டிஓ-4 முதல் ட்ரைவிலேயே குறியாக்கம் செய்ய முடியும். அப்படிச் செய்திருந்தால் சாவி இல்லாமல் ஒன்றும் வராது, பழைய நிர்வாகி யார் என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

டேப் அறுந்துவிட்டால். அல்லது பழைய டேப்பின் தொடக்கத்தில் யாரோ புதிதாகக் கொஞ்சம் எழுதிவிட்டால். இரண்டாவதில் பழைய தரவு டேப்பில் அப்படியேதான் இருக்கும், ஆனால் புதிய முடிவுக் குறியைத் தாண்டிப் படிக்க சாதாரண ட்ரைவ் மறுத்துவிடும், உங்கள் கட்டளைகள் எதற்கும் அது இணங்காது. தாழைப் பூட்டி, என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதி கேட்ரிட்ஜோடு சேர்த்து நிபுணரிடம் கொடுங்கள்.