பாறைச் சூட்டில் ஏறிய சுருதி

மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில், ஆலமரத்தடியில் உட்கார்ந்து குழல் வாசிப்பது என் சாயங்கால வழக்கம். சித்திரையில் ஒரு வாரம் சுருதியே சேரவில்லை. வீட்டில் மின்னணுச் சுருதிப் பெட்டியோடு ஒட்டி நிற்கும் அதே நாலரைக் கட்டை (ஆதார சுருதியின் அளவு) குழல், அங்கே போனால் எல்லா ஸ்வரத்திலும் கொஞ்சம் தூக்கலாகப் பேசியது.

முதலில் மூங்கிலில் கீறல் என்று நினைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. எண்ணெய் தடவினேன், மாற்றமில்லை. பெட்டியில் பேட்டரி மாற்றினேன். பிறகு வாய்த்துளையை உள்பக்கம் திருப்பி ஊதினேன். சுருதி இறங்கியது, ஆனால் நாதம் அடைத்துப்போனது. நான்கு நாள் இப்படியே வீண்.

ஐந்தாம் நாள், குழலைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தாமரைக் குளத்தில் முகம் கழுவி வந்தேன். எடுத்தால் கை சுட்டது! வெயில் தாழ்ந்தும் பாறை சூட்டை விடவில்லை. அப்போதுதான் புரிந்தது. குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும், சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட்; சென்ட் என்பது சுருதி வித்தியாசத்தை அளக்கும் சின்ன அலகு. அரை ஸ்வரமே 100 சென்ட்தான். பெட்டிக்கு இந்த ஏற்றம் கிடையாது.

இப்போது குழலைப் பருத்தித் துணிப் பையிலேயே, நிழலில் வைக்கிறேன். போனதும் ஐந்து நிமிடம் சும்மா ஊதி, அப்புறம் பெட்டியின் நுண்சுருதித் திருகைக் குழலுக்கு ஏற்றபடி ஏற்றுகிறேன். இருட்டியதும் ஒருமுறை இறக்கவேண்டும். நேற்று ஷட்ஜம் (ஆதார ஸ்வரமான 'ஸ') கம்பி மாதிரி நின்றது. அப்பாடா!