முனையத்தில் சிறு குறிப்புகள்: ஒரே கோப்பு, நாலைந்து ஆணைகள்

கடைச் சாமான், ஏர்கான் சர்வீஸ் தேதி, கூட்டத்தில் கேட்ட ஒரு எண் என்று ஒற்றை வரியில் அடங்கும் விஷயங்களுக்குத் தனிச் செயலி தேவையில்லை. மேக், லினக்ஸ் இரண்டிலும் டெர்மினல் (ஆணைகளைத் தட்டும் முனையம்) தயாராக இருக்கிறது. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள்.

ஆணைப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எக்கோ என்றால் எதிரொலி, கேட் என்றால் பூனை, டேட் என்றால் தேதி, டெயில் என்றால் வால். அந்த ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளேதான். கிரெப் மட்டும் புதிது: ஜி, ஆர், இ, பி. கோப்பின் பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

முதல் குறிப்பு (தேக்கா என்பது சிங்கப்பூரின் ஒரு சந்தை):

எக்கோ 'தேக்கா: மீன் $12' >> ~/குறிப்பு

கோப்பு இல்லையென்றால் தானாக உருவாகும். இருந்தால் கடைசியில் ஒரு வரி சேரும். ~/ என்பது உங்கள் சொந்த அடைவு (ஃபோல்டர்). அதை விட்டுவிட்டால், அப்போது எந்த அடைவில் நிற்கிறீர்களோ அங்கே இன்னொரு கோப்பு சத்தமில்லாமல் முளைத்துவிடும்.

இரண்டு > அவசியம். ஒன்றை மட்டும் போட்டால் பழைய குறிப்புகள் அத்தனையும் அழிந்து, புதிய வரி மட்டுமே மிஞ்சும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே கோப்பை வாரம் ஒருமுறையாவது வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

அடுத்து மேற்கோள் குறி. விலைகளைச் சிங்கப்பூர் வெள்ளியில் ($) எழுதும் நமக்கு இதில்தான் அடி விழும். இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால் ஷெல் (நம் ஆணைகளைப் படித்து இயக்கும் நிரல்) அதை ஒரு மாறியின், அதாவது மதிப்பு ஒன்றைத் தாங்கும் இடத்தின், பெயராக எடுத்துக்கொள்ளும். "மீன் $12" என்று கொடுத்தால் லினக்ஸில் வழக்கமான பாஷ் ஷெல்லில் $1 காலியாகி, கோப்பில் 'மீன் 2' என்று விழும். மேக்கின் இசட்‌ஷெல் $12 முழுவதையும் மாறியாக எடுப்பதால் விலையே இருக்காது. "$8.50" இரண்டிலும் .50 ஆகிவிடும். பிழைச் செய்தி வராததால் மாதக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஒற்றை மேற்கோளில் இந்தச் சிக்கல் இல்லை. அதை மூட மறந்தால் எண்டர் தட்டியும் ஆணை முடியாமல் > குறி காத்து நிற்கும். கன்ட்ரோல்-சி அழுத்தி மீண்டும் தொடங்குங்கள்.

மேற்கோளே வேண்டாம் என்றால்:

கேட் >> ~/குறிப்பு

எண்டர் தட்டி, வேண்டிய வரிகளை எழுதி, புது வரியில் கன்ட்ரோல்-டி அழுத்துங்கள். $ அப்படியே பதியும். நீளமான குறிப்புக்கு இதுவே வசதி.

தேதியோடு சேர்க்க:

எக்கோ $(டேட் +%எஃப்) 'வீட்டுக்கு ஏர்கான் சர்வீஸ், சனி காலை' >> ~/குறிப்பு

எஃப் மட்டும் பெரிய எழுத்து. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி முன்னால் நிற்கும். கிளவுட் சர்வரில் செய்தால் நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். பெரும்பாலான சர்வர்கள் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுவதால், காலை எட்டுக்கு முன் எழுதும் குறிப்பில் முந்தைய நாள் தேதி விழும்.

கடைசிப் பத்து வரிகளைப் பார்க்க: டெயில் ~/குறிப்பு. தேட:

கிரெப் 'வீட' ~/குறிப்பு

ஏன் 'வீடு' என்று தேடவில்லை? கிரெப்புக்கு வேற்றுமை உருபு தெரியாது. 'வீடு' என்று கேட்டால் வீட்டுக்கு, வீட்டில் எதுவும் சிக்காது. 'வீட' என்று முடித்தால் ட-வுக்குப் பின் உகரம் வந்தாலும் புள்ளி வந்தாலும் பிடித்துவிடும். தமிழில் தேட அடிச்சொல்லை நறுக்கிக் கொடுப்பதே நல்ல பழக்கம். இருந்தும் சில சொற்கள் கிடைக்காமல் போகலாம். 'கொ' என்பதன் கொம்பும் காலும், கணினியில் எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கிரெப்புக்கு இரண்டும் வேறு. கொண்டைக்கடலையைத் தேடினால் 'கடலை' என்று மட்டும் கொடுங்கள்.

சில டெர்மினல்களில் கொம்பு இடம் மாறித் தெரியும். அது காட்சிக் கோளாறுதான், கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும்.

திருத்தவும் நீக்கவும் நானோ ~/குறிப்பு என்று தட்டி (நானோ: என், ஏ, என், ஓ) நானோ எடிட்டரில் திறவுங்கள். கன்ட்ரோல்-ஓ, எண்டர் என்றால் சேமிக்கும். கன்ட்ரோல்-எக்ஸ் வெளியேற.

சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளில் நுழையும் டிஜிட்டல் அடையாளம்) கடவுச்சொல், அடையாள அட்டை எண் போன்றவற்றை இதில் எழுதவே எழுதாதீர்கள். கோப்பு பூட்டில்லாதது. எக்கோவில் தட்டியது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் பதிகிறது, குறிப்பை நீக்கினாலும் அங்கே இருக்கும்.