சிக்கலான கண்புரை: அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கண்புரை அறுவை இன்று பெரும்பாலோருக்குக் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் சிகிச்சையாகிவிட்டது. அதனால்தான், “இந்தக் கண்ணில் ரிஸ்க் கொஞ்சம் அதிகம்” என்று மருத்துவர் சொன்னதும் குடும்பமே கலங்கிப்போகிறது. யார் பெரிய டாக்டர், யார் கைராசிக்காரர் என்று உறவினர்களிடம் உடனே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த விசாரணைக்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரிஸ்க் என்ற பொதுச்சொல்லோடு திரும்பிவிடாமல், கண்ணில் எந்த இடத்தில் என்ன சிக்கல் என்று கேட்டு, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சிக்கலில் கைதேர்ந்தவர் இன்னொன்றிலும் கைதேர்ந்தவராக இருப்பார் என்று சொல்ல முடியாது.

அறுவை நடக்கும் விதம் ஓரளவு தெரிந்திருந்தால் மருத்துவர் சொல்வது விளங்கும். கண்ணின் இயற்கை லென்ஸ் மெல்லிய உறை ஒன்றுக்குள் இருக்கிறது. அந்த உறையைச் சுற்றிலும் நுண்ணிழைகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. மருத்துவர் உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, புரையை எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார். உறையின் பின்பக்கமோ, நடுவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாதது. அது கிழிந்தாலும், நுண்ணிழைகள் அறுந்தாலும், பின்னால் உள்ள ஜெல் முன்னே வந்துவிடும். புரைத்துண்டு விழித்திரையின் மேல் விழக்கூடும். லென்ஸை வைப்பதற்கு இடமில்லாமலும் போகக்கூடும். ரிஸ்க் என்று மருத்துவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

நம் ஊர் முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது சூடோஎக்ஸ்ஃபோலியேஷன். கண்மணியின் ஓரத்திலும் லென்ஸின் மேலும் பொடுகு போன்ற வெண்துகள் படிந்திருக்கும். இந்தக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாலும் கண்மணி நன்றாக விரியாது, நுண்ணிழைகளும் வலுவிழந்திருக்கும். இந்தக் கண்ணில் அறுவை செய்யும் மருத்துவருக்குக் கண்மணியை விரித்துப் பிடிக்கும் கொக்கிகளிலும் வளையங்களிலும், உறைக்குள் வைத்து அதை நிலைநிறுத்தும் டென்ஷன் வளையத்திலும் நல்ல பழக்கம் இருக்க வேண்டும். அவை அறுவை நாளன்று தியேட்டரில் தயாராக இருக்குமா என்று கேட்பதில் தவறில்லை. புரை லென்ஸின் பின்முனையில் அமைந்திருக்கும் ‘போஸ்டீரியர் போலார்’ வகை வேறு விதமானது. அதில் பின் உறை முன்னமே பலவீனமாகவோ, திறந்தோகூட இருக்கலாம். வழக்கமான அறுவையில் புரையை உறையிலிருந்து பிரிக்க நீர் பாய்ச்சுவார்கள். இந்தக் கண்ணில் அதைச் செய்தால் உறை வெடித்துவிடும் அபாயம் உண்டு. “உங்கள் புரைக்கு நான் அந்த முறையைக் கையாள மாட்டேன்” என்று காரணத்தோடு சொல்லும் மருத்துவர் இவ்வகைக் கண்களைக் கண்டவர் என்று நம்பலாம்.

முற்றிப் பழுப்பேறிக் கறுத்த புரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சியெடுக்கும் பேக்கோ என்பது நவீனம், கையால் சிறு துளையிட்டுப் புரையை முழுதாக எடுக்கும் முறை பழையது, ஏழைகளுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். கல் போன்று இறுகிய புரையை ஒலியதிர்வால் உடைக்க மிகுந்த ஆற்றல் செலவாகும்; அந்த ஆற்றல் கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கும். இத்தகைய கண்ணுக்குக் கையால் செய்யும் முறையே பல நேரங்களில் பாதுகாப்பானது. 1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இம்முறையில் பெருந்தொகையான கண்கள் பார்வை பெற்றிருக்கின்றன. இரண்டு முறையிலும் தேர்ந்தவராகவும், பேக்கோ செய்துகொண்டிருக்கும்போதே தேவையென்றால் மற்றதற்கு மாறத் தயங்காதவராகவும் இருப்பவரே இந்தப் புரைக்கு ஏற்றவர்.

கருவிழி பலவீனமாக இருப்பவர்கள், அதன் உட்புறச் செல்களை எண்ணிப் பார்க்கும் ஸ்பெகுலர் பரிசோதனை செய்தாக வேண்டும். பெரியவர்களிடம் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 2000 முதல் 3000 வரை இருக்கும் இச்செல்கள் வயதோடு குறையும், மீண்டும் பெருகாது. அந்த எண் 1000க்கும் கீழே இருந்தால், கருவிழி மாற்று சிகிச்சையும் செய்யக்கூடியவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது. கண்ணுக்குள் அழற்சி வந்துபோனவர்களுக்கு, அது குறைந்தது மூன்று மாதமாவது அடங்கியிருக்கும் வரை பொறுத்திருப்பதே வழக்கம். கிட்டப்பார்வை மிக அதிகமானவர்கள், முன்பு விழித்திரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு விழித்திரை நிபுணரின் கருத்தும் தேவை. புரை அடர்த்தியாக இருந்து உள்ளே பார்க்க முடியாவிட்டால், ஒலியலையால் கண்ணின் பின்பகுதியைக் காட்டும் பி-ஸ்கேன் எடுக்காமல் தேதி குறிக்கக் கூடாது.

ஆண்கள் கண் மருத்துவரிடம் சொல்ல மறக்கும் ஒரு மாத்திரை உண்டு. புராஸ்டேட் வீக்கத்திற்காகக் கொடுக்கப்படும் டாம்சுலோசின், அறுவையின் நடுவே கண்மணியைச் சுருங்கச் செய்து, அதைச் சுற்றியுள்ள கருந்திரையைத் தளரவைக்கும். இதை 2005இல் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டால் இந்த விளைவும் நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே நீங்களாக நிறுத்தாமல், இப்போது உண்பதையும் முன்பு உண்டதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முன்னேற்பாட்டோடு வருவார்.

சிக்கலின் பெயர் தெரிந்த பிறகு மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இவ்வகைக் கண்ணை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பது. “நாற்பதாயிரம் அறுவை செய்திருக்கிறேன்” என்ற பதில் உங்கள் கேள்விக்கு விடையாகாது. அவற்றில் பெரும்பாலானவை எளிய கண்களாகவே இருந்திருக்கும். பிரிட்டனில் தேசியத் தணிக்கை ஒன்று, அறுவையின்போது உறை கிழியும் விகிதத்தைத் தொகுத்து வெளியிடுகிறது. நம் நாட்டில் நோயாளி பார்த்துத் தெரிந்துகொள்ள அப்படி ஒரு பட்டியல் இல்லாததால், நேரில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய கணக்கெடுப்புகளில் உறை கிழிவது நூறில் ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் பதிவாகியிருக்கிறது. சிக்கலான கண்ணில் அது இன்னும் கூடும். எனவே “என் கையில் ஒருமுறைகூடக் கிழிந்ததில்லை” என்பவரைவிட, “கிழிந்திருக்கிறது, அப்போது இன்னது செய்தேன்” என்பவரையே நான் நம்புவேன்.

அடுத்தது, கத்தியைப் பிடிக்கப்போவது யார் என்பது. பயிற்சி மருத்துவமனைகளில் இளையவர்கள் மூத்தவரின் மேற்பார்வையில் அறுவை செய்வது முறையானதும் தேவையானதும்தான். ஆனால் சிக்கலான கண்ணுக்கும், குறிப்பாகப் பார்வையுள்ள ஒரே கண்ணுக்கும், மூத்தவரே செய்ய வேண்டும் என்று பணிவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். புறநோயாளிப் பிரிவில் பார்த்தவரே அறுவை செய்வார் என்று நீங்களாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் தரம் குறைவு என்று ஒதுக்குவதும் தவறு. 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் கருவிழி, விழித்திரை, கண் அழுத்த நோய்ப் பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சிக்கலான கண்ணுக்கு இது பெரிய பலம்.

உறை கிழிந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். முன்னே வந்த ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமி கருவி அதே தியேட்டரில் இருக்கிறதா, புரைத்துண்டு பின்னால் விழுந்தால் எந்த விழித்திரை மருத்துவர் எப்போது வருவார், மாற்று லென்ஸ் கையிருப்பில் உள்ளதா என்பவற்றுக்கு நேரான பதில் கிடைக்க வேண்டும். வழக்கமாக உறைக்குள் வைக்கும் ஒற்றைத்துண்டு அக்ரிலிக் லென்ஸை உறைக்கு முன்னே வைத்தால், அது கருந்திரையை உரசிக் கெடுக்கும். அதனால் மூன்றுதுண்டு லென்ஸ் ஒன்று தயாராக இருக்க வேண்டும். உறையே இல்லாத கண்ணில் விழிவெண்படலத்தில் லென்ஸைப் பொருத்தும் முறைகளும் உண்டு. அவற்றில் ஒன்றான பசையிட்டுப் பொருத்தும் முறை சென்னையில் மருத்துவர் அமர் அகர்வால் குழுவினர் உருவாக்கியது. “அன்றைக்கு லென்ஸ் வைக்காமல் முடித்து, சில வாரம் கழித்து வைப்பேன்” என்ற பதிலும் நல்ல பதில்தான். அவசரப்பட்டு எதையாவது வைத்து முடிப்பதைவிட அது மேல்.

சிக்கலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, தூரத்தையும் கிட்டத்தையும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸின் விலைப்பட்டியலை நீட்டும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். நுண்ணிழை தளர்ந்த கண்ணுக்கும், விழித்திரை நோயுள்ள கண்ணுக்கும் அது பொதுவாகப் பொருந்தாது. இத்தகைய கண்ணில் செலவழிக்க வேண்டியது மருத்துவரின் நேரத்துக்கும் தகுந்த கருவிகளுக்குமே என்பது என் உறுதியான கருத்து. லேசர் அறுவை என்ற சொல்லும் மேற்சொன்ன அபாயங்களை அகற்றிவிடாது.

இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவருக்கு அவமரியாதை ஆகாது. பரிசோதனை அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள். ஓரிரு வாரத் தாமதத்தால் புரைக்குப் பெரும்பாலும் கேடு வராது. ஆனால் முற்றிய புரையுள்ள கண் திடீரெனச் சிவந்து, கடும் வலியும் தலைவலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். அப்போது மருத்துவரைத் தேர்ந்தெடுக்க அவகாசமில்லை, பக்கத்திலுள்ள கண் மருத்துவமனைக்கு அன்றே போய்விட வேண்டும்.

தேதி குறிக்கும் முன் கடைசியாக ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பு அதிகரித்தாலோ அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். அதில் சில மணி நேரமே பார்வையைத் தீர்மானித்துவிடும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அழைக்க வேண்டிய எண் எது, எடுப்பவர் யார், அன்றே கண்ணைப் பார்த்துக் கண்ணுக்குள் மருந்து செலுத்தக்கூடியவர் அங்கே இருப்பாரா என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் தேதி வாங்காதீர்கள்.