டர்பன் குளிர்காலத் தோட்டம்: பூவைக் கெடுக்கும் நம் கைப்பழக்கங்கள்

ஆடி பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கம் கூழ் ஊற்ற நாள் குறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. பத்து மணிக்கெல்லாம் அதைக் கழற்றிக் கொடிக்கயிற்றில் போட்டுவிடுகிறோம். ஜூலையில் டர்பன் குளிர் இவ்வளவுதான்: இரவில் 11 டிகிரி, பகலில் 22, 23. கடலோரத்தில் உறைபனி என்ற பேச்சே இல்லை.

இவ்வளவு இதமான குளிரில் வீட்டுத் தோட்டம் பூத்துக் குலுங்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் இதே மாதத்தில் கோயிலில் பார்க்கிறவர்கள், "செடிக்கு என்ன ஆச்சோ தெரியலை, மொட்டெல்லாம் கொட்டுது" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் குளிர்மேல் பழிபோட இடமே இருக்காது. தவறான மாதத்தில் வெட்டியிருப்பார்கள், தவறான நேரத்தில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், ராத்திரி முழுக்க விளக்குப் போட்டிருப்பார்கள். எல்லாம் செடிமேல் இருக்கிற அக்கறையில் செய்தவைதான். அதனால்தான் சொல்லித் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டு மாதத்தை இங்கே பார்ப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இது. யூடியூபில் மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒருவர் அழகான தமிழில் மல்லிகை வளர்ப்பு சொல்லித் தருகிறார். நம் மொழியில் சொல்கிறார் என்ற பாசத்தில் அவர் சொன்ன மாதத்திலேயே நாமும் செய்கிறோம். அவர் நிற்பது பூமியின் வடபாதியில், நாம் இருப்பது தென்பாதியில். மாதத்தின் பெயர் ஒன்றுதான், வெயில் நேர் எதிர். ஆடி நமக்கு நடுக்குளிர். மார்கழி நமக்கு வியர்த்து ஊற்றுகிற கோடை.

மல்லிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். பனிக்காலத்தில் செடி ஓய்ந்திருக்கும், பங்குனி வெயில் ஏற ஏறத் துளிர்த்துப் பூக்கும். அதே கார்த்திகையில் டர்பனில் கத்தரியைத் தூக்கினால், மொட்டும் பூவுமாக நிற்கிற செடியை வெட்டிச் சாய்க்கிறீர்கள். இங்கே மல்லிகைக்குக் கவாத்துக் காலம் ஆகஸ்ட் மாதம், குளிர் முடியப்போகிற நேரம். ஜூனிலும் ஜூலையிலும் அது இலை மங்கிச் சோம்பிக் கிடக்கும், பூவே இருக்காது. நோய் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கறிவேப்பிலையும் இப்படித்தான், குளிரில் இலை பழுத்துக் கொஞ்சம் கொட்டும். இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நம் முன்னோர் சொன்னது மழையை எதிர்பார்த்து. டர்பன் இருக்கும் நேட்டால் கரையில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆடி இங்கே வருஷத்திலேயே வறண்ட காலங்களில் ஒன்று. 1860இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு எவ்வளவு திகைப்பாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் இறங்கியது நவம்பர் 16ஆம் தேதி. விட்டு வந்த ஊரில் அடைமழைக் காலம், அடுத்து வரப்போவது பனி, இறங்கிய இடத்தில் கோடை தொடங்குகிற நேரம்.

எங்கள் ஆயா இதற்குத் தானே ஒரு கணக்கு வைத்திருந்தார். சித்திரை வருஷப்பிறப்பன்று படையல் முடிந்ததும் செண்டுமல்லி விதையைத் தூவிவிடுவார். மூன்று மாதம் கழித்து, ஆடியில் மாரியம்மனுக்கு மாலை கட்டும்போது கடைக்குப் போக வேண்டியதே இல்லை. நான் இன்றும் அதையே செய்கிறேன். ஏப்ரலில் மண்ணில் சூடு மிச்சம் இருக்கும், விதை நாலைந்து நாளில் முளைத்துவிடும். ஜூனில் "அடடா, ஆடி வருதே" என்று விதைத்தால் நாற்று விரல் உயரத்தில் நின்றுவிடும். பெட்டூனியா, பான்சி, ஸ்நாப்டிராகன் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு: மார்ச், ஏப்ரலில் நாற்று, குளிரில் பூ. பெட்டூனியாவைக் கோடையில் வைத்து, நம் புழுக்கத்தில் அது அழுகுவதைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள் ஒருமுறை குளிர்காலத்தில் வைத்துப் பாருங்கள்.

தண்ணீர்

"குளிர்தானே, தண்ணீர் எதற்கு?" என்று குழாயை மூடிவிடுகிறவர்கள் ஒரு பக்கம். வேலை முடிந்து வந்து, இருட்டுகிற நேரத்தில் ஹோஸ் பைப்பை எடுத்து இலை, பூ, தொட்டி எல்லாவற்றையும் குளிப்பாட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகக் கெடுதல். சாயங்காலம் நனைந்த இலை குளிர்கால இரவில் காயவே காயாது. விடிய விடிய ஈரத்தில் கிடக்கிற பூவில் பூஞ்சணம் பிடித்து இதழ் பழுப்பாகி ஒட்டிக்கொள்ளும். தொட்டிச் செடி என்றால் வேரும் அழுகும்.

அப்புறம், வேர் அழுகின செடி தண்ணீர் இல்லாத செடி மாதிரியே வாடும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். உதிர்ந்துபோனால், காலை எட்டு, ஒன்பது மணிக்கு, தூரில் மட்டும், நின்று நிதானமாக ஊற்றுங்கள். நிலத்தில் இருக்கும் செடிக்கு வாரத்துக்கு இரண்டு முறை போதும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு நாளுக்குப் பொருந்தாது, பெர்க் விண்ட் அடிக்கிற நாளுக்கு. டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அந்தப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து காற்று கடற்கரையை நோக்கி இறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடி அது சூடாகும், வறண்டும் போகும். ஜூலையில்கூட திடீரென்று 30 டிகிரியைத் தாண்டிவிடும். உதடு வெடிக்கும், துணி அரை மணியில் காயும். அன்று செடியின் நிலைமையும் அதுதான். பெரும்பாலும் அடுத்த நாளே குளிர் முகப்பு, அதாவது குளிர்காற்றின் முன்வரிசை, வந்து சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். அசேலியா, கமீலியா மாதிரி மொட்டுக் கட்டி நிற்கிற செடிகள் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மொட்டைக் கொட்டுகின்றன. வானிலை அறிக்கையில் சூடு சொன்னால் முந்தின நாள் காலையிலேயே இவற்றுக்கு நன்றாக ஊற்றிவிடுங்கள். தூரைச் சுற்றி மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டு, தண்டைத் தொடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

ராத்திரி விளக்கு

என் சொந்த அனுபவம் இது. வாசல் மதிலோரம் ஒரு பாயின்செட்டியா, ஆள் உயரத்துக்கு மேல். வடநாடுகளில் கிறிஸ்துமஸ் செடி என்பார்கள், நம் டர்பனில் அது சிவப்பது ஜூன், ஜூலையில். ஒரு வருஷம் மரத்தில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி தெருப்பக்கம் பாதி சிவப்பு, வீட்டுப்பக்கம் பாதி வெறும் பச்சை. உரம் வைத்தேன், மருந்தடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இரவு கேட்டைப் பூட்டப் போனபோதுதான் பார்த்தேன். திருட்டுப் பயத்துக்குப் புதிதாக மாட்டிய விளக்கின் வெளிச்சம் சரியாக அந்தப் பச்சைப் பாதியில் விழுந்துகொண்டிருந்தது.

பாயின்செட்டியா இரவின் நீளத்தை வைத்துத்தான் பருவத்தை அறிகிறது. நாம் பூ என்று சொல்லும் சிவப்பு, உண்மையில் நிறம் மாறின இலை. நடுவில் மஞ்சள் பொட்டுகளாக இருப்பதுதான் பூ. தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத இருட்டு, அதுவும் எட்டுப் பத்து வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் அந்த இலை சிவக்கும். டர்பனில் மார்ச் கடைசியில் இரவு பகலைவிட நீளத் தொடங்குகிறது. ஜூனில் பகல் ஏறக்குறைய 10 மணி நேரம்தான். இருட்டுக்குப் பஞ்சமே இல்லை, நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். சாமந்தியும் இதே வகை. ராத்திரி முழுக்க எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் இலையாகத் தழைக்கும், மொட்டு வராது.

விளக்கை அணையுங்கள் என்று இந்தக் காலத்தில் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரிகிற விளக்காக மாற்றினேன், முகத்தை கேட் பக்கம் திருப்பினேன். அடுத்த ஜூனில் மரம் முழுக்கச் சிவந்தது.

கத்தரியும் உரமும்

"குளிர்காலம்தான் கவாத்துக் காலம்" என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். ரோஜாவுக்கு ஜூலை, ஆகஸ்ட் சரி. கடலோரத்தில் அது குளிரிலும் பூத்துக்கொண்டேதான் இருக்கும், மனசு வராது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். அசேலியா வசந்தத்தில் பூக்கும் மொட்டை இப்போதே நுனியில் வைத்திருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் அசேலியா வளர்க்கிறவர்கள் பூ முடிந்த பிறகுதான் கத்தரியை எடுப்பார்கள். 'யெஸ்டர்டே டுடே டுமாரோ' என்று நாம் சொல்கிற, ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் செடிக்கும் அப்படித்தான். பாயின்செட்டியாவையும் சிவப்பு உதிர்ந்த பிறகே வெட்டுங்கள். அதன் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பூ வரவில்லை என்று கோழி எருவை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். அது தழைச்சத்து, இலையைத்தான் தழைக்க வைக்கும். குளிரில் இளந்தளிராகத் தள்ளி, அதில் அசுவினிப் பூச்சி வந்து அப்பிக்கொள்ளும். செண்டுமல்லி, பான்சி போன்றவற்றுக்கு உரத்தைவிட நல்லது வாடின பூவைக் கிள்ளுவது. விதை கட்ட விட்டால் செடி வேலை முடிந்தது என்று நின்றுவிடும். வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குப் பறிக்கிற வீட்டில் செண்டுமல்லி ஓயாமல் பூப்பது இதனால்தான்.

இந்த மண்ணின் பூக்களை மறப்பது

நம் தோட்டங்களில் மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் கொடுக்கிற இடத்தில் கால்வாசிகூட இந்த ஊர்ச் செடிக்குக் கொடுப்பதில்லை. குளிர்காலத்தில் தோட்டம் வெறிச்சென்று கிடக்க அதுவும் காரணம். ஜூன், ஜூலையில் ஆலோவின் சிவப்புக் கதிர்கள் தீப்பந்தம் மாதிரி நிற்கும், தேன்சிட்டுகள் விடிந்ததிலிருந்து சண்டை போடும். அது கற்றாழை இனம், மேட்டில் நட்டுவிட்டு மறந்துவிடலாம். குழியில் நட்டால் கோடை மழையில் அழுகிப்போகும்.

ஸ்ட்ரெலிட்சியா, நம் 50 சென்ட் நாணயத்தில் பல வருஷம் இருந்த அந்தக் கொக்குமூக்குப் பூ, வெயில் கேட்கும். நிழலில் வைத்தால் இலைதான் மிச்சம். பூக்கவில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறை பெயர்த்து இடம் மாற்றாதீர்கள். ஒருதரம் பெயர்த்தால் ஒன்றிரண்டு வருஷம் பூக்காமல் இருப்பது அதன் வழக்கம்.

கிளிவியா இதற்கு நேர் எதிர், மரநிழல் வேண்டும். நல்ல வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளைத் திட்டு விழும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரஞ்சுக் கொத்து வரும், அதுவரை குளிரில் தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள். இதற்குப் பெயர் வந்த கதை நமக்கு வெகு நெருக்கம். ஆற்காட்டை 1751இல் பிடித்த ராபர்ட் கிளைவின் பேத்தி சார்லட் கிளைவின் பெயரைத்தான் 1828இல் இதற்கு வைத்தார்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்து சாலையோரம் விற்கும் கிளிவியாவை மட்டும் வாங்காதீர்கள். மருந்துக்கென்று தோண்டித் தோண்டிக் காடுகளில் அது அருகி வருகிறது. நர்சரியில் விதை போட்டு வளர்த்தது கிடைக்கும்.

சாலையோரப் பூவின் அழகைப் பார்த்துக் கிளை ஒடித்து வந்து நடுவதும் தவறு. இலையுதிர் காலத்திலிருந்து வழியெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் மெக்ஸிகன் சூரியகாந்தியும், லாண்டானா என்னும் உண்ணிச்செடியும் இந்த நாட்டுச் சட்டப்படி ஒழிக்க வேண்டிய அயல்செடிகள். எதை நடலாம் என்று சந்தேகம் வந்தால் டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு ஜூலையில் ஒரு நடை போய்வாருங்கள். 1849இலிருந்து இருக்கும் தோட்டம். அங்கே இந்த மாதம் பூத்திருப்பது உங்கள் வீட்டிலும் பூக்கும்.

இது எல்லாம் கடலோரக் கணக்கு. உள்நாட்டில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில், பிரிட்டோரியா பக்கம் லாடியமில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், அங்கே உறைபனி விழும். பொழுது சாயும் முன் பழைய பெட்ஷீட்டால் செடியை மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள், அது இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகிவிடும். கருகின நுனியை உடனே வெட்டாதீர்கள், செப்டம்பர் வரை அதுவே உள்ளே இருக்கும் உயிர்மொட்டுக்குப் போர்வை.

கடைசியாக ஈழத்தலரி, நம் பேச்சில் ஃபிராங்கிபானி. குளிரில் இலையெல்லாம் கொட்டி மான்கொம்பு மாதிரி நிற்கும். செத்துவிட்டது என்று பயந்து தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள், அதில்தான் அடி அழுகிச் செத்துப்போகும். சந்தேகம் இருந்தால் கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் தூங்குகிறது. செப்டம்பரில் கொம்பு நுனியில் தளிர் எட்டிப்பார்க்கும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.